கல் போச்சா, சுரப்பி இருக்கா, வீக்கம் நின்னுச்சா?

புளிமுளம் மீன்குழம்பின் வாசனை மூக்கில் ஏறும்போதே தாடைக்கு அடியில் ஒரு பக்கம் இறுகத் தொடங்கும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் ரெண்டு வாய் உள்ளே போவதற்குள் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிடும். சாப்பிட்டு எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, நாக்குக்கு அடியில் உப்புக் கரிக்கும் நீர் கொஞ்சம் வடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகும். மறுநாள் மதியம் மறுபடியும் அதே கதை. வீட்டில் இதை நெறி கட்டியிருக்கிறது என்பார்கள். கன்னத்தில் வந்தால் பொன்னுக்கு வீங்கி என்று வேப்பிலையைத் தேடுவார்கள். ஆனால் நெறி சாப்பாட்டு நேரம் பார்த்து வராது. பொன்னுக்கு வீங்கி காய்ச்சலோடு வந்து ஒரு வாரம், பத்து நாள் கிடந்துவிட்டுப் போகும். வேளாவேளைக்கு ஏறி இறங்காது. சாப்பிடும்போது வீங்கி, அப்புறம் வடிகிற வீக்கம் என்றால் உமிழ்நீர்க் குழாயில் அடைப்பு. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கல்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இதற்கு ஸ்கேன் எடுத்ததும் கையில் கிடைக்கும் காகிதத்தில் இரண்டு வழிகளில் ஒன்று இருக்கும்: சுரப்பியையே எடுத்துவிடலாம், அல்லது எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய பார்வைக் குழலை விட்டுக் கல்லை மட்டும் எடுக்கலாம். இரண்டாவது வழிக்கு 80, 90 சதவீதம் வெற்றி என்று சொல்வார்கள். அது பொய்யான எண் அல்ல. ஆனால் எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கல் முழுக்க வெளியே வந்ததா, சுரப்பி மிஞ்சியதா, வீக்கம் நின்றதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் பதில் ஒரே எண்ணாக இருக்காது.

இந்த அடைப்பில் முக்கியமான பெரிய சுரப்பிகள் இரண்டு ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் பரோட்டிட். அதன் குழாய் மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கும். தாடை எலும்புக்குக் கீழே இன்னொன்று, சப்மாண்டிபுலர். தாடைக்கீழ்ச் சுரப்பி என்று வைத்துக்கொள்வோம். அதன் குழாய் சுமார் 5 சென்டிமீட்டர் முன்னோக்கி ஓடி, நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரியும் சவ்வு மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மொட்டில் திறக்கும். கற்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு இந்தத் தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் வருகின்றன. அதன் உமிழ்நீர் கெட்டியானது, காரத்தன்மை கூடியது, கால்சியம் அதிகம். போதாததற்கு அது புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏறி வரவேண்டும். குழாயின் உள்விட்டம் சராசரியாக 1.5 மில்லிமீட்டர், திறக்கும் மொட்டில் அது அரை மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. வயலுக்கு வரும் ஓடையின் மடை வாயை மட்டும் விரல் நுழையாதபடி குறுக்கி வைத்தது போல.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான் கல்லாகிறது என்று ஒரு பேச்சு உண்டு. சுண்ணாம்பு வாயிலிருந்து அரை மில்லிமீட்டர் துளை வழியாகப் பின்னோக்கி ஏறிப் போகாது. கல் உள்ளேயே, சளியும் உதிர்ந்த செல்களும் சேர்ந்த ஒரு துணுக்கைச் சுற்றி, கால்சியம் பாஸ்பேட் படிந்து படிந்து உருவாகிறது. அதே போல வாழைத்தண்டுச் சாறும் இதற்கு ஆகாது. சிறுநீரகக் கல்லுக்கு அதைக் குடிப்பவர்களோடு வாதிட இது இடமில்லை. ஆனால் குடித்த சாறு உமிழ்நீர்க் குழாய்க்குப் போய்க் கல்லைக் கரைப்பதற்கு வழியே கிடையாது. கரைக்கும் மாத்திரையும் இதுவரை இல்லை.

சிகிச்சையின் முடிவை முக்கால்வாசி தீர்மானிப்பது ஆபரேஷன் அல்ல, அதற்கு முந்தைய பரிசோதனை. தெரியவேண்டியவை மூன்று: கல்லின் அளவு, அது இருக்கும் இடம், அது அசைகிறதா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது. அல்ட்ராசவுண்ட் மலிவு, கதிர்வீச்சு இல்லை, 2-3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லை நன்றாகக் காட்டும். ஆனால் குழாய் சுருங்கிக் கிடக்கும்போது, வாயின் தரைப்பகுதியில் முன்னால் உட்கார்ந்திருக்கும் சின்னக் கல் தப்பிவிடும். இதற்கு ஒரு எளிய உத்தி உண்டு. ஸ்கேன் எடுக்கும் முன் சப்பும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் உமிழ்நீர் சுரந்து, அடைப்புக்குப் பின்னால் குழாய் விரிந்து, கல் கருப்புப் பட்டைக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு வாயின் தரையை மேலிருந்து அழுத்திப் பிடித்தால் இன்னும் தெளிவு. எக்ஸ்ரேயில் தாடைக்கீழ்ச் சுரப்பிக் கற்களில் சுமார் 80 சதவீதம் தெரியும். பரோட்டிட் கற்கள் அந்த அளவுக்குத் தெரியாது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதைக் கல்லே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சி.டி. எடுப்பதானால் மருந்து செலுத்தாமல், மெல்லிய வெட்டுகளாக எடுப்பது போதும். கல்லைத் தேடும்போது மருந்து செலுத்திய படத்தில் ரத்தக் குழாய்களும் வெள்ளையாகி, சின்னக் கல்லோடு குழம்பும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதன் கீற்றுகள் படத்தைக் கெடுக்கும். அதை முன்பே சொல்லிவிட்டால் வாயைக் கொஞ்சம் திறந்த நிலையிலோ சாய்வான கோணத்திலோ எடுப்பார்கள்.

இனி அந்தக் கருவி. மருத்துவத்தில் இதற்குப் பெயர் சியாலெண்டோஸ்கோப்பி. உமிழ்நீர்க் குழாய்க்குள் மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்ப்பதைப் பிரான்சில் பிலிப் காட்ஸ் 1991இல் எழுதினார். அதன் பின் ஜெனீவாவில் பிரான்சிஸ் மார்ஷல் முதலானோர் கருவிகளையும் முறையையும் சீராக்கினார்கள். இன்று புழக்கத்தில் இருப்பவை 0.8, 1.1, 1.3, 1.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. 0.8 பார்ப்பதற்கு மட்டும். வேலை செய்யக் குறைந்தது 1.1 வேண்டும். 1.3 மில்லிமீட்டர் கருவிக்குள் பார்வைக்கான இழைகள், நீர் போகும் வழி, சுமார் 0.65 மில்லிமீட்டரில் கருவி நுழையும் வழி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஈர்க்குச்சியை விட மெல்லிய ஒன்றுக்குள் இத்தனை. கொஞ்சம் மடங்கினாலும் இழை உடைந்து திரையில் கரும்புள்ளி விழும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இல்லாததற்கு விலை ஒரு காரணம், கைப்பழக்கம் இன்னொரு காரணம்.

ஆபரேஷன் தியேட்டரில் கஷ்டமான கட்டம் கல்லை எடுப்பது அல்ல, குழாயின் வாயைக் கண்டுபிடிப்பது. லிக்னோகைன் மரப்பு ஊசி போட்டு, அந்த மொட்டைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, வெளியே சுரப்பியை மெதுவாகத் தடவி அழுத்துவார்கள். ஒரு துளி நீர் முத்து மாதிரி எழும்பும். அதுதான் வாசல். மரப்பு மருந்தை மொட்டுக்குள்ளேயே அதிகமாகப் போட்டால் அது வீங்கி வாசல் மறைந்துவிடும். அப்புறம் நுண்ணிய உலோகக் கம்பிகள், ஒன்றை விட ஒன்று கொஞ்சம் தடிமனாக, வரிசையாக விட்டுத் துளையை விரிப்பார்கள். இங்கே அவசரப்பட்டுக் குத்தினால் கம்பி குழாய்க்குள் போகாமல் பக்கத்துச் சதைக்குள் ஒரு பொய்வழி போட்டுவிடும். அதன் பிறகு எண்டோஸ்கோப்பை அந்தப் பொய்வழியில்தான் விடமுடியும். அன்றைய வேலை அத்தோடு முடிந்தது என்று நிறுத்துவதே நல்லது. வாசலே கிடைக்காவிட்டால் மொட்டைச் சற்றே கீறித் திறப்பார்கள்.

உள்ளே போனதும் சிரிஞ்சில் சலைன் விட்டுக்கொண்டே முன்னேறவேண்டும். நீர் போனால்தான் குழாய் விரியும், பார்வை தெளியும். இளஞ்சிவப்புச் சுவர், ரத்தக் குழாய்களின் மெல்லிய கோடுகள், இரண்டாகப் பிரியும் கிளைகள், அதற்கு நடுவில் பனங்கற்கண்டுத் துண்டு போல மங்கிய மஞ்சளில் ஒரு கல். சுற்றிலும் சில சமயம் வெள்ளைப் பிசின். கல்லைப் பிடிக்க எண்டோஸ்கோப் வழியாக ஒரு நுண்ணிய கம்பிக்கூடையை விடுவார்கள். அதை மூடியபடியே கல்லைத் தாண்டிக் கொண்டுபோய், அப்புறம்தான் விரிக்க வேண்டும். கல்லுக்கு முன்னால் விரித்தால் கூடை கல்லை இன்னும் உள்ளே தள்ளும். விரித்துப் பின்னுக்கு இழுத்து, கல் கூடைக்குள் விழுந்ததும் மெதுவாக மூடி, எண்டோஸ்கோப், கூடை, கல் மூன்றையும் ஒன்றாக வெளியே கொண்டுவர வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய விபத்து, மாட்டிக்கொண்ட கூடை. கல் கூடைக்குள் வந்துவிட்டது, ஆனால் குழாய்வாய் வழியே வெளியே வரவில்லை, விடுவிக்கவும் முடியவில்லை. பதறி இழுத்தால் கம்பி அறுந்து உள்ளே நிற்கும். இன்னும் மோசமாக, குழாயே பிய்ந்து கையோடு வரும். ஒருமுறை பிய்ந்த குழாய்க்கு ஒட்டுப்போட வழி குறைவு; சுரப்பியை எடுக்க நேரிடலாம். அந்த நிலையில் செய்ய வேண்டியது இழுப்பதை நிறுத்தி, கல் நிற்கும் இடத்தில் குழாயைக் கீறி எடுப்பது. இன்னொரு சிக்கல் நீர். குழாய்ச் சுவரில் ஓட்டை விழுந்தது தெரியாமல் சலைன் விட்டுக்கொண்டே போனால் வாயின் தரை முழுக்க ஊறி வீங்கி, நாக்கு மேலே எழும்பி மூச்சுக்கே இடைஞ்சல் ஆகலாம். சுரப்பி கல்லாக இறுகுகிறதா என்று வெளியே ஒரு கை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

அளவுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. தாடைக்கீழ்ச் சுரப்பியில் 4 மில்லிமீட்டருக்குள், பரோட்டிடில் 3 மில்லிமீட்டருக்குள், அசையும் கல் என்றால் கூடை மட்டும் போதும். அதற்கு மேல் 7, 8 மில்லிமீட்டர் வரை லேசர் இழையாலோ காற்றழுத்தக் கருவியாலோ உடைத்துத் துண்டு துண்டாக எடுக்கலாம். லேசரைக் கேட்பவர்கள் அதிகம். அந்தச் சொல்லுக்கு அப்படியொரு மவுசு. ஆனால் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும், வெப்பத்தால் குழாய்ச் சுவர் புண்பட்டுப் பின்னாளில் தழும்பாகிச் சுருங்கலாம், எடுக்கத் தவறிய ஒவ்வொரு துண்டும் அடுத்த கல்லுக்கு விதை.

எட்டுக்கு மேல் என்றால் இணைப்பு முறை: எண்டோஸ்கோப் உள்ளிருந்து வெளிச்சம் காட்ட, வாய்க்குள் ஒரு கீறல் போட்டுக் கல்லை நேரடியாக எடுப்பது. தாடைக்கீழ்க் கல் விரலுக்குத் தட்டுப்பட்டால், அது சுரப்பியிலிருந்து குழாய் புறப்படும் முடுக்கிலேயே இருந்தாலும், வாய்வழிக் கீறல் நல்ல பலன் தரும். அங்கே கவனம் முழுக்க நாக்கு நரம்பின் மேல். பின் கடைவாய்ப் பல் அருகே அந்த நரம்பு குழாய்க்கு அடியில் குறுக்கே கடக்கிறது. அதை முதலில் கண்டு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். இழுபட்டால் நாக்கின் அந்தப் பாதி சில வாரம் மரத்துக் கிடக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். பரோட்டிடில் காதோரம் கீறி, முகநரம்பைக் கண்காணிக்கும் கருவியோடு செய்வார்கள்.

இனி அந்த எண்கள். 2009இல் ஒரு பெரிய தொகுப்பு வெளியானது. 1990க்கும் 2004க்கும் இடையில் பல மையங்களில் குறைந்த கீறல் முறைகளில் சிகிச்சை பெற்ற 4,691 பேர். அதில் 3,526 பேருக்குத் தாடைக்கீழ்ச் சுரப்பி, 1,165 பேருக்குப் பரோட்டிட். கல் முழுக்க நீங்கியது 80.5 சதவீதம் பேருக்கு. பகுதி மட்டும் நீங்கியது 16.7 சதவீதம். கடைசியில் சுரப்பியை எடுக்க வேண்டி வந்தது 2.9 சதவீதம் மட்டுமே. நூறு பேரில் 97 பேர் தங்கள் சுரப்பியை வைத்துக்கொண்டார்கள் என்று இதைப் படிக்கலாம். கல் பாக்கியில்லாமல் போனது எண்பது பேருக்குத்தான் என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. நடுவில் இருக்கும் பதினேழு பேரைத்தான் விளம்பரத் தாள்கள் தங்களுக்கு வசதியான பக்கத்தில் சேர்த்துவிடுகின்றன. உள்ளே ஒரு துணுக்கு மிஞ்சினாலும் நீர் வழிந்துபோக இடம் இருந்தால் வீக்கம் வராது. அவர்களில் பலருக்கு மறுபடி கைவைக்கத் தேவையே இருக்காது. இந்தத் தொகுப்பில் வெளியிலிருந்து அதிர்வலையால் கல்லை உடைப்பது முதல் வாய்வழிக் கீறல் வரை எல்லா முறையும் கலந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு அலசலில், எண்டோஸ்கோப் மட்டும் பயன்படுத்தியதில் 86 சதவீதமும், கீறலோடு இணைத்துச் செய்ததில் 93 சதவீதமும் வெற்றி என்று வந்தது. கீறாமல் செய்வதுதான் நல்லது, கீறினால் தோல்வி என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்து மாற்றி யோசிக்க வேண்டும். கல் பெரிதென்றால் வாய்க்குள் அரை அங்குலம் கீறுவது தோல்வி அல்ல. சரியான இடத்தில் அதுதான் அதிகம் பலிக்கும் வழி.

சுரப்பியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள். கல்லோடு சுரப்பி போகும், உண்மை. ஆனால் தாடைக்குக் கீழே தழும்பு, கீழுதட்டை இறக்கும் நரம்பு பாதிக்கப்பட்டுச் சிரிக்கும்போது வாய் கோணுவது, நாக்கு மரப்பது ஆகிய அபாயங்கள் கூடவே வரும். அதோடு, கல்லுக்காக வெட்டி எடுத்த தாடைக்கீழ்ச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்த ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட பாதி இயல்பாகவோ இயல்புக்கு வெகு அருகிலோ இருந்தன. அடைப்பு எத்தனை வருஷமானாலும் சுரப்பி செத்துவிட்டது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதற்கு இது எதிரான சாட்சி.

கல் இல்லாத அடைப்புகளில் வெற்றி என்ற சொல்லை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். குழாய் சுருக்கம் பரோட்டிடில் அதிகம். கம்பியாலோ பலூனாலோ விரித்து, ஸ்டீராய்டு கலந்த நீரால் கழுவி, சில சமயம் இரண்டு வாரம் ஒரு ஸ்டென்டை உள்ளே தைத்து வைப்பார்கள். வீக்கம் குறையும், ஆனால் திரும்ப விரிக்க வேண்டிவரும். குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் கன்ன வீக்கத்தில், எண்டோஸ்கோப் கழுவலுக்குப் பிறகு தடவைகள் குறைவது நிஜம். ஆனால் இந்த நோய் பருவ வயதில் பெரும்பாலும் தானாகவே ஓய்ந்துவிடும் என்பதால், ஓய்ந்த அத்தனையையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கும் கழுவல் வலியைத் தணிக்கும். வறண்ட வாயைப் பழையபடி ஆக்கிவிடாது.

சீழோடு வீங்கி, தொட்டால் துள்ளும் நிலையில் எண்டோஸ்கோப்பை விடக் கூடாது. சுவர் நைந்து இருக்கும், சுலபமாகக் கிழியும். முதலில் ஆன்டிபயாடிக்கில் தணித்து, சில வாரம் விட்டுத்தான் செய்வார்கள். காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல், நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்கக் கஷ்டமானால் அது வேறு விவகாரம். ராத்திரி என்றாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், காலைவரை காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல், வலியில்லாமல், வடியாமல் மெல்ல வளரும் கடினமான கட்டியும், முகம் ஒரு பக்கம் தொங்குவதும் கல்லின் குணங்கள் அல்ல. ஊசியால் செல் எடுத்துப் பார்க்க வேண்டியவை அவை.

ஆபரேஷன் முடிந்த அன்று சுரப்பி முன்பை விட அதிகமாக வீங்கியிருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது உள்ளே விட்ட சலைன். ஒரு நாள், இரண்டு நாளில் வடிந்துவிடும். அப்புறம் மசாஜ். தாடைக்கீழ்ச் சுரப்பி என்றால் தாடையின் கோணத்திலிருந்து முகவாய் நோக்கி, பரோட்டிட் என்றால் காதிலிருந்து வாயோரம் நோக்கி. ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, சாப்பாட்டுக்குப் பின். திசை மாறினால் நீரைச் சுரப்பிக்கே திருப்பி அனுப்பியது போல ஆகும். எலுமிச்சைத் துண்டோ உப்புநெல்லியோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். குழாய் திறந்த பிறகு புளிப்பு நல்லது. கல் முழுக்க அடைத்து நிற்கும்போது அதே புளிப்பு வலியைத்தான் கூட்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உச்சிவெயிலில் சூளையில் நிற்பவரும் வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவரும் வாய் வறளவிடக் கூடாது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் செட்டிரிசின் வகை மாத்திரை, சில தூக்க, மனநல மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை இவையெல்லாம் உமிழ்நீரைக் குறைக்கும். நிறுத்துவதானால் எழுதிய டாக்டரைக் கேட்டுத்தான்.

நாக்குக்கு அடியில் முன்னாலேயே விரலுக்குத் தட்டுப்படும் கல்லென்றால் இதற்காக ஊர் தாண்ட வேண்டியதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரோ வாய் அறுவை செய்யும் பல் டாக்டரோ மரப்பு ஊசியிலேயே கீறி எடுத்துவிடுவார். கல்லுக்குப் பின்னால் குழாயைச் சுற்றி ஒரு தையல் நூலைக் கொடுத்துப் பிடிக்காமல் கீறினால் கல் வழுக்கிப் பின்னால் ஓடிவிடும். சுலபமான கேஸ் கஷ்டமான கேஸ் ஆவது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில். பின்னால் இருக்கும் கல்லுக்காகத் திருவனந்தபுரமோ மதுரையோ போவதானால், ரிப்போர்ட் தாளோடு சி.டி. படம் பதிந்த வட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் எழுதிய 6 மில்லிமீட்டரை நம்பி யாரும் கூடையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அங்கே கேட்க வேண்டியதும் சுருக்கமானதுதான்: இந்த அளவுக் கல்லுக்கு எந்த முறை, வரவில்லை என்றால் அதே மயக்கத்தில் வாய்வழி கீறுவீர்களா, சுரப்பியை எடுக்க என் கையெழுத்தை இப்போதே வாங்குகிறீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அந்த இடத்தின் பழக்கம் தெரிந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எந்தப் பெயரில் விண்ணப்பம் போகிறது, சுரப்பி அகற்றலா கல் அகற்றலா என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில சமயம் இவை எதுவும் தேவைப்படாமலே, சோறு மெல்லும்போது மணல் மாதிரி ஒன்று நாக்கில் தட்டுப்பட்டு, துப்பினால் கல்லாக இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அதன் ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்ந்து தட்டையாக இருந்தால், அங்கே இன்னொரு கல்லோடு உரசிக்கொண்டிருந்தது என்று சந்தேகப்படலாம். வீக்கம் நின்றிருந்தாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுவது நல்லது.